சிப்பர் மூடியில ஒரு கீறல்

நேத்து ராத்திரி பத்தரை மணி இருக்கும், பாப்பா தூங்கினதுக்கு அப்புறம் சிங்க்ல கிடந்த பாத்திரமெல்லாம் தேய்ச்சு முடிச்சுட்டு கடைசியா அவளோட சிப்பரைக் கழுவிட்டு இருந்தேன். சிப்பர் வெச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், மூடிக்கு உள்பக்கம் ஒரு குட்டி சிலிகான் வால்வு உக்காந்திருக்கும், நகத்தால நெம்பித்தான் எடுக்கணும், எடுக்காம அப்படியே அலசி வெச்சா ரெண்டே நாள்ல புளிச்ச பால் வாடை வந்துரும். அதை எடுத்து ட்யூப் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பார்த்தேன். வழுவழுன்னு ஒரு குட்டிக் கிண்ணம், நடுவுல ஒரு கோடு. சும்மா பார்த்தா கோடு இருக்கறதே தெரியாது. ரெண்டு விரலால ரெண்டு பக்கமும் அமுக்கினா மீன் வாயைத் திறக்குற மாதிரி திறக்குது, விட்டா கப்புன்னு மூடிக்குது. அந்தக் கோட்டுக்குள்ள வெள்ளையா ஒரு பிசுக்கு, சாயங்காலம் குடிச்ச பால். அதைத் தேய்க்கறதுக்குன்னே ஒரு பழைய டூத் பிரஷ் தனியா வெச்சிருக்கேன்.

பக்கத்துல அம்மா மறுநாளுக்கு மாவுல உப்புப் போட்டுக் கரைச்சுட்டு இருந்தாங்க. "அம்மா, இந்தக் கோடு இருக்குல்ல, இதுக்காக லண்டன்ல கோர்ட்டு கேஸே நடந்திருக்கு"ன்னு சொன்னேன். வால்வை வாங்கி ஒரு தடவை அமுக்கிப் பார்த்துட்டு, "ஏன்டி, ரப்பர்ல பிளேடால ஒரு கீறு கீறி வெச்சிருக்கான், இதுல கண்டுபிடிக்க என்னடி இருக்கு, இதை யாரு வேணா பண்ணிருக்கலாமே"ன்னாங்க.

அந்தக் கேஸ்ல எதிர்த்தரப்போட வாதமும் சாரத்துல இதே தான். அதனால தான் இதை எழுதணும்னு தோணுச்சு.

என் வேலை ப்ரையர் ஆர்ட் தேடுறது. அதாவது ஒருத்தர் ஒரு பேடண்ட் வாங்கியிருந்தா இல்ல வாங்கப் போறார்னா, அதே விஷயம் இதுக்கு முன்னாடி உலகத்துல எங்கயாவது வந்திருக்கான்னு பழைய பேடண்ட், புஸ்தகம், கேட்டலாக் எல்லாத்தையும் குடைஞ்சு எடுக்குறது. ஒன்பது வருஷமா இதைத்தான் பண்றேன். பெரிய பெரிய மெஷின், மருந்து, செமிகண்டக்டர் எல்லாம் பார்த்தாச்சு, ஆனா மனசுல நிக்குறது என்னவோ இந்த மாதிரி அஞ்சு ரூபா பொருள் மேல நடந்த சண்டைங்க தான். ஏன்னா ஒரு பேடண்டுல உண்மையிலயே எதுக்கு மதிப்பு கொடுக்குறோம்ங்கற கேள்வி அங்க தான் மறைஞ்சுக்க எடமில்லாம வெளிய வந்து நிக்கும்.

அந்தக் கீறலுக்குச் சொந்தக்காரங்க மேண்டி ஹேபர்மன். இங்கிலாந்துக்காரங்க, கிராஃபிக் டிசைன் படிச்சவங்க. 1980ல பிறந்த அவங்க மகளுக்கு ஸ்டிக்லர் சிண்ட்ரோம்னு ஒரு பிறவிப் பிரச்சனை, அண்ணப்பிளவும் இருந்தது, குழந்தையால பாலை உறிஞ்சவே முடியாது. பால் குடிக்க முடியாத குழந்தையை மடியில வெச்சுட்டு உக்காந்த எந்த அம்மாவுக்கும் அந்த நேரம் எப்படின்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல, எனக்கும் முதல் மூணு வாரம் அந்த பயம் இருந்தது. அவங்க என்ன பண்ணாங்கன்னா அவங்களே ஒரு ஃபீடர் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. பாட்டிலுக்கும் நிப்பிளுக்கும் நடுவுல ஒரு ஒருவழி வால்வு, பால் நிப்பிளுக்குள்ள வந்துட்டா திரும்பப் பாட்டிலுக்குப் போகாது, அதனால உறிஞ்ச பலம் இல்லாத குழந்தை ஈறால லேசா அமுக்கினாலே பால் வாய்க்குள்ள வரும், தேவைன்னா அம்மா விரலால அமுக்கியும் கொடுக்கலாம். நிப்பிள் நுனியில ஓட்டை கிடையாது, ஒரு கீறல் தான். நிப்பிள் மேல வேற வேற நீளத்துல மூணு கோடு போட்டிருக்கும், எந்தக் கோடு குழந்தை மூக்குக்கு நேரா வருதோ அதைப் பொறுத்து பால் வேகமாவோ மெதுவாவோ வரும், அதாவது பாட்டிலைத் திருப்பினாலே வேகம் மாறிடும். ஹேபர்மன் ஃபீடர்னு பேரு. பின்னாடி மெடலா கம்பெனி மூலமா உலகம் பூரா ஆஸ்பத்திரிகளுக்குப் போச்சு, அண்ணப்பிளவு குழந்தைங்களுக்கு இன்னைக்கும் கொடுக்குறாங்க.

இது நடந்து பல வருஷம் கழிச்சு, 1990ல ஒரு ஃபிரெண்டு வீட்டுல உக்காந்திருக்காங்க. ஒரு குட்டிப்பய கையில கப்போட நடந்து வர்றான், கீழ வெளிர் கலர் கார்ப்பெட்டு, கப்பு சாயுது, ஜூஸ் கொட்டிருமோன்னு அவன் அம்மா பாய்ஞ்சு போய்ப் புடுங்குறாங்க. அப்போ கடையில இருந்த குழந்தை கப்பு எல்லாத்துக்கும் மூடியில குழாய் மாதிரி ஒரு மூக்கு, அதுல திறந்த ஓட்டை, சாய்ச்சா கொட்டும். கொட்டக் கூடாதுன்னா பெரியவங்க யாராவது அதை மூடி வைக்கணும், ரெண்டு வயசுக் குழந்தை குடிச்சு முடிச்சு மூடிட்டா வைக்கும்? ஹேபர்மனுக்குத் தோணினது, ஒரு வாய் குடிச்சதும் கப்பே தானா மூடிக்கிட்டா என்ன. வாய் வெச்சு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு உறிஞ்சினா மட்டும் திறக்கணும், வாயை எடுத்தா மூடிக்கணும், தலைகீழாப் பிடிச்சாலும் ஒரு சொட்டு விழக்கூடாது. அதுக்குத் தேவை மூடியோட மூக்குல ஒரு கீறல் வால்வு. அவ்வளவு தான் பேடண்ட்.

கீறல் வால்வு உலகத்துக்குப் புதுசு இல்லங்கறதை கவனிக்கணும். குழந்தை கப்பும் புதுசு இல்ல. ரெண்டையும் சேர்த்தது தான் புதுசு. அவங்களோட சொந்த ஃபீடர்லயே கீறல் இருந்தது, இருந்தும் அவங்களுக்கே அந்த ஜூஸ் கப்பைப் பார்க்குற வரைக்கும் தோணல!

செஞ்சு பார்த்துட்டு பெரிய கம்பெனி ஒவ்வொண்ணா ஏறி இறங்கினாங்க. குழந்தைப் பொருள் விக்குறதே தொழிலா வெச்சிருக்கிறவங்க கையில கொடுத்துக் காட்டியும் யாரும் எடுத்துக்கல. கடைசியில வேல்ஸ்ல இருந்த ஒரு சின்ன மார்க்கெட்டிங் கம்பெனியோட சேர்ந்து 1996ல எனிவேஅப் கப்னு கடைக்குக் கொண்டு வந்தாங்க. டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டுக்கு அதை எப்படி வித்தாங்கன்னு ஒரு கதை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது: கப்புல ஜூஸை நிரப்பி, ஒரு வெள்ளை அட்டைப் பெட்டிக்குள்ள வேற எந்தப் பாதுகாப்பும் இல்லாமப் போட்டு, தபால்ல அனுப்பிட்டாங்க. ஒழுகியிருந்தா பெட்டி போய்ச் சேரும்போதே நாறியிருக்கும். ஒழுகல. ஆர்டர் வந்தது. நானும் வேலைக்குப் போற பையில லஞ்ச் பாக்ஸ், லேப்டாப்போட சிப்பரையும் போட்டு எடுத்துட்டுப் போய், மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்குறப்போ பையோட அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நின்னவ தான், வால்வு சரியில்லாத ஏதோ ஒரு மலிவு சிப்பர் அது, அதனால அந்த வெள்ளைப் பெட்டியோட தைரியம் எனக்கு நல்லா உறைக்குது.

விற்பனை பிச்சுக்கிட்டு போச்சு. பின்னாடியே அதே வேலையைச் செய்யுற வேற கப்பு கடையில வந்துருச்சு. விட்டது ஜேக்கல் இன்டர்நேஷனல், அப்போ டாமி டிப்பி பிராண்டு அவங்களோடது, அந்த ஊர்ல குழந்தை கப்புன்னாலே அந்தப் பேரு தான் ஞாபகம் வரும்ங்கற அளவுக்குப் பெரிய ஆளு. ஹேபர்மன் கேஸ் போட்டாங்க. அங்க தோத்தா பொதுவா ஜெயிச்சவங்க வக்கீல் செலவையும் சேர்த்து நாமளே கட்டணும். பேடண்ட் கொடுத்த ஆபீஸ் நமக்காக வந்து சண்டை போடாது, அந்தப் பேப்பர் ஒரு கத்தி மாதிரி, வீசுறது நம்ம கை தான். ஒரு தனி ஆள் அந்த முடிவை எடுக்குறதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

ஜேக்கல் தரப்போட பெரிய ஆயுதம், இந்த பேடண்டே செல்லாது, ஏன்னா இது அந்தத் துறையில இருக்குற யாருக்கும் தானாத் தோணக்கூடிய விஷயம்ங்கறது தான். கப்பு தெரியும், வால்வு தெரியும், ரெண்டையும் ஒட்டுறதுக்கு எதுக்குக் கண்டுபிடிப்புன்னு பேரு.

இந்த இடத்துல நான் கொஞ்சம் நிக்கணும், ஏன்னா இது என் பொழப்பு. ஒரு பேடண்டைச் செல்லாததாக்கணும்னு ஒரு கிளையண்ட் வந்தா, முதல்ல அந்த பேடண்டோட க்ளெய்மை, அதாவது எதுக்கு உரிமை கேக்குறாங்கன்னு எழுதின பகுதியை, நான் படிக்கிறேன். படிச்ச அந்த நிமிஷமே விடை என் கையில இருக்கு. கப்பு, வாய்ப்பகுதி, வால்வு, உறிஞ்சினா திறக்கும். இப்போ அந்த நாலு வார்த்தையையும் போட்டுத் தேடினா அரை மணி நேரத்துல ஒரு பக்கம் பழைய கப்பு ஒண்ணு வந்து விழும், இன்னொரு பக்கம் அமுக்கினா மட்டும் வர்ற ஏதோ ஒரு ட்யூபோட மூடியில கீறல் வால்வு வந்து விழும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ரிப்போர்ட்டு எழுதும்போது எனக்கே தோணும், அட, இது ரொம்ப சாதாரணமாச்சேன்னு. விடுகதைக்கு விடை சொல்லிட்டா கேக்குறவங்க எல்லாரும் "இவ்வளவு தானா"ம்பாங்கல்ல, அதே தான். ஆனா 1990க்கு முன்னாடி ஒருத்தன் தன்னோட டேபிள்ல உக்காந்திருக்கான்னா அவன் முன்னாடி இந்த ரெண்டு பேப்பர் மட்டும் இல்ல, லட்சம் பேப்பர் இருக்கு, அதுல எந்த ரெண்டை எடுத்து ஒட்டணும்னு அவனுக்கு யாரும் சொல்லல. நான் தேடுனது வேகமா முடிஞ்சதுக்குக் காரணம் என் திறமை இல்ல, மேண்டி ஹேபர்மன் எனக்கு விடையை எழுதிக் கொடுத்துட்டுப் போனது தான். இதை எங்க டீம்ல புதுசா சேர்ற பசங்களுக்கு முதல் வாரமே சொல்லிருவேன்.

ஜட்ஜ் ஹியூ லாடி 1999ல கொடுத்த தீர்ப்பு இந்தப் பொறியில விழாம இருக்குறதுக்கு ஒரு வழி காட்டுச்சு, அதனால தான் இன்னைக்கும் இந்தத் துறையில அந்தக் கேஸைப் பேசுறோம். பொருளை உத்துப் பார்த்து ஈசியா கஷ்டமான்னு கேக்குறதை விட்டுட்டு அவர் அந்தத் தொழிலோட வரலாற்றைக் கேட்டார். பிரச்சனை என்ன, எத்தனை வருஷமா இருக்கு, அது ஒரு தலைவலின்னு தொழில்ல இருக்குறவங்களுக்குத் தெரியுமா, எத்தனை பேர் தீர்வு தேடிட்டு இருந்திருப்பாங்க, அவங்க கையில அப்போ என்னென்ன இருந்தது, அதுவரைக்கும் வேற என்ன வழியெல்லாம் பண்ணிப் பார்த்தாங்க, தோணியும் செய்ய விடாம வேற ஏதாவது தடுத்ததா, வந்தப்புறம் ஜனங்க எப்படி எடுத்துக்கிட்டாங்க, வித்ததுக்குக் காரணம் பொருளோட நல்லதனமா இல்ல விளம்பரமா. இப்படி ஒண்ணொண்ணாப் பதில் தேடிட்டுப் போனா, குழந்தை கப்பு ஒழுகுறது ஊருக்கே தெரிஞ்ச தலைவலி, அதை நிறுத்தினா கொட்டுற காசு எவ்வளவுன்னும் தெரியும், ரப்பரும் இருந்தது, வால்வும் இருந்தது, பெரிய பெரிய கம்பெனியும் இருந்தது, தடுத்தது எதுவுமே இல்ல. ஆனாலும் யாரும் பண்ணல. லாடி ஒத்துக்கிட்டார், ஹேபர்மன் எடுத்து வெச்சது ரொம்பச் சின்ன அடி, எளிமையான அடி, இந்தத் தொழில்ல இருந்த யாரு வேணா குறைஞ்சது பத்து வருஷமா எப்ப வேணா எடுத்து வெச்சிருக்கலாம். அப்படிப்பட்ட அடியை, இவ்வளவு லாபம் தெரிஞ்சும் யாரும் வைக்கலன்னா அது தானாத் தோணக்கூடியதா இருந்திருக்க முடியாது, அவங்க மூக்குக்குக் கீழயே கிடந்தது, பார்த்தது கிட்டத்தட்ட ஒரு வெளியாள். பேடண்ட் செல்லும், ஜேக்கல் அதை மீறியிருக்குன்னு தீர்ப்பு.

எனக்கு இந்தத் தீர்ப்போட அழகு எங்க இருக்குன்னா, "எளிமையா இருக்கு"ங்கறதை அவர் ஹேபர்மனுக்கு எதிரா வெக்கல, சாதகமா திருப்பிட்டார். எவ்வளவு எளிமையோ அவ்வளவுக்கு "அப்போ ஏன் நீ பண்ணல"ங்கற கேள்வி கனமாகுது. அம்மாகிட்டயும் இதைத்தான் சொன்னேன். யாரு வேணா பண்ணிருக்கலாம்னா யாராவது பண்ணிருக்கணுமே. அம்மா மாவுக் கையோட ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "ஆமாம்ல, நாங்கெல்லாம் டம்ளரைப் பிடிச்சுக்கிட்டே தானே பின்னாடி ஓடினோம்"னாங்க.

எளிமையான எல்லாத்துக்கும் பேடண்ட் கொடுத்துரணும்னு நான் சொல்றதா நினைச்சுக்காதீங்க, அது ரொம்பத் தப்பாப் போயிரும். இதே இங்கிலாந்துல விண்ட்சர்ஃபிங் பலகைக்கு, அதாங்க பாய்மரம் கட்டின சர்ஃப் போர்டு, அதுக்கு ஒரு பேடண்ட் இருந்தது. அதைச் செல்லாதுன்னு ஆக்கினதுல முக்கியமான சாட்சி பீட்டர் சில்வர்ஸ், 1958ல அவருக்கு 12 வயசு, ஹேலிங் தீவுல தானே ஒரு பலகையில பாய் கட்டி ஓட்டிட்டு இருந்திருக்கார். பன்னெண்டு வயசுப் பையன் ஊரு பார்க்கக் கடல்ல ஓட்டின பொருளுக்குப் பின்னாடி வந்தவங்க உரிமை கேட்க முடியாதுன்னு முடிஞ்சுது. நம்ம ஊருக்கு வந்தா, சுப்ரீம் கோர்ட்டோட 1978 தீர்ப்பு ஒண்ணு, பிஷ்வநாத் பிரசாத் கேஸ்னு இங்க எல்லா பேடண்ட் ஆளுங்களுக்கும் பாடம், அதுவும் பாத்திர சமாச்சாரம் தான், பித்தளைப் பாத்திரத்தைக் கடைசல் பிடிக்குறதுக்கு வாங்கின பேடண்ட். பட்டறையில வேலை தெரிஞ்ச எவனும் செய்யக்கூடிய சின்ன மாத்தத்துக்கு மேல அதுல ஒண்ணும் இல்லன்னு தள்ளிட்டாங்க. ரெண்டுலயும் நான் ஜட்ஜுங்க பக்கம் தான். "யாரு வேணா பண்ணிருக்கலாம்"ங்கறது வெறும் பேச்சு, "இதோ இவர் பண்ணிருக்கார், இந்த வருஷம், இந்த ஊர்ல"ங்கறது ஆதாரம். ராத்திரி பகலா நான் தேடுறது அந்த ரெண்டாவதைத் தான்.

அமெரிக்காவுல இதே கீறல் வால்வு கப்பு மேல நடந்த சண்டைங்க வேற மாதிரிப் போச்சு. லூசியானாவுல லவ் என் கேர்னு ஒரு குழந்தைப் பொருள் கம்பெனி, நம்ம ஊர்லயும் கிடைக்குற நூபி பிராண்டு அவங்களோடது தான். அதை நடத்துற நூரி ஹக்கீம் ஒழுகாத கப்புக்கு அப்ளை பண்ணினப்போ முதல்ல க்ளெய்ம்ல "கீறல்"னு எழுதி, பழைய பொருள்ல இருந்து என்னோடது வேறன்னு அதை வெச்சே வாதாடியிருக்கார். அப்புறம் தொடர்ச்சியா போட்ட அப்ளிகேஷன்ல "கீறல்"ங்கறதை எடுத்துட்டு "திறப்பு"ன்னு அகலமா மாத்திட்டார், அதுவும் கிராண்ட் ஆயிருச்சு. அதை வெச்சுக்கிட்டு அவென்ட்ங்கற இன்னொரு கம்பெனியோட கப்பு மேல கேஸ் போட்டா, அவென்ட் வால்வுல கீறல் இல்ல, ஓட்டை, நடுவுல ஒண்ணு அதை அடைச்சுட்டு நிக்கும், உறிஞ்சினா சவ்வு விலகி வழி விடும். 2007ல பேடண்ட் அப்பீலை விசாரிக்குற ஃபெடரல் சர்க்யூட் கோர்ட்டு சொன்னது, முதல்ல கீறல்னு குறுக்கிப் பேசி வாங்கினீங்க, அதை வாபஸ் வாங்குறேன்னு பேடண்ட் ஆபீஸ்ல அப்ளிகேஷனைப் பரிசோதிக்குற எக்ஸாமினருக்குத் தெளிவாச் சொல்லி மறுபடி பழைய பொருளோட ஒப்பிட்டுப் பார்க்க வைக்கல, அதனால உங்க "திறப்பு"க்கும் அர்த்தம் கீறல் தான். தோத்துட்டார். ஒரு வார்த்தைங்க. வெறும் ஒரு வார்த்தை. க்ளெய்ம் எழுதுற நண்பர்கள் இதைப் படிச்சா அன்னைக்குச் சாயங்காலமே பழைய ஃபைலை எடுத்துப் பார்ப்பாங்க.

அதே ஹக்கீமோட கப்பு டிசைன் பேடண்ட் ஒண்ணு, அதாவது தோற்றத்துக்கு மட்டும் வாங்குறது, 2014ல ரத்தாயிருச்சு. மஞ்ச்கின்னு இன்னொரு குழந்தைப் பொருள் கம்பெனி அமெரிக்க பேடண்ட் ஆபீஸ்லயே எதிர்த்துப் போட்ட ரிவ்யூ அது, அந்த முறையில ரத்தான முதல் டிசைன் பேடண்டே அது தான்னு சொல்வாங்க. எது அதைக் கவுத்துச்சு தெரியுமா, ஹக்கீமே முன்னாடி போட்ட அப்ளிகேஷன். அந்தப் பழைய அப்ளிகேஷன் தேதியிலயே இதையும் போட்டதா எடுத்துக்கணும்னு கேட்டிருந்தார், ஆனா குழந்தை வாய் வைக்குற மூக்கோட நுனி பழைய படத்துல ஒரு வடிவம், புதுசுல வேற வடிவம், அதனால பழைய தேதி கிடையாதுன்னு ஆயிருச்சு, தேதி போனதும் அவரோட பழைய அப்ளிகேஷனே ஏற்கனவே வெளியான ப்ரையர் ஆர்ட்டா வந்து முன்னாடி நின்னுருச்சு. மறுபக்கம் மஞ்ச்கினும் லவ் என் கேர் மேல ஒழுகாத கப்புக்காக கேஸ் போட்டு, நடுவுல அவங்க பேடண்டும் ரத்தாகி, எதிராளியோட வக்கீல் செலவு 11 லட்சம் டாலருக்கு மேல கட்டுன்னு கீழ் கோர்ட்டு சொல்லி, 2020ல மேல போய் அதை நீக்கிக்கிட்டாங்க. குழந்தை கீழ போடுற கப்புக்கு இவ்வளவு! இதெல்லாம் பெரிய கம்பெனிங்க, தாங்கிக்குவாங்க. என் மனசு போறது அந்த இடத்துல ஒரு தனி ஆள் நின்னா என்ன ஆயிருக்கும்னு தான்.

இந்தக் கதையெல்லாம் சொல்லிட்டு இருக்கும்போது அம்மா உள்ள போய் வெள்ளிச் சங்கை எடுத்துட்டு வந்தாங்க. பாப்பா பிறந்தப்போ என் தம்பி, அவளுக்குத் தாய்மாமன், வாங்கிப் போட்டது. முதல் மூணு வாரம்னு மேல சொன்னேன்ல, பாப்பா வெயிட்டு கம்மியாப் பிறந்து மார்ல சரியா உறிஞ்ச முடியாம இருந்தப்போ ஆஸ்பத்திரியில நர்ஸே பாலைப் பீய்ச்சி பாலாடையில, அதாவது இந்தச் சங்கு மாதிரி ஒண்ணுல, கொடுக்கத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்ததும் அம்மா காலை நீட்டி உக்காந்து குழந்தையைக் கால்ல சாய்ச்சுப் படுக்க வெச்சு, சங்கோட மூக்கை உதட்டோரம் வெச்சு, சாய்க்குறதே தெரியாம ஒரு சாய்ப்பு சாய்ப்பாங்க, பாப்பா நாக்கை நீட்டி நக்கி நக்கி உள்ள இழுத்துக்கும். நான் பண்ணினா கழுத்தெல்லாம் பால். அந்தக் கையோட பதம் எந்த வால்வுலயும் வராது. நாடு பூரா பச்சைக் குழந்தை வார்டுகள்ல குறைமாசக் குழந்தைங்களுக்கு இதுலயும் கொடுக்குறாங்க, வெளிநாட்டு மருத்துவக் கட்டுரைகள்லயே பாலாடைன்னு நம்ம பேரைத்தான் போடுறாங்க.

"இதுக்கு யாராவது வாங்கிட்டாங்கன்னா?"ன்னு அம்மாவுக்குக் கவலை. வாங்க முடியாது. நம்ம பேடண்ட் சட்டத்தோட 3வது செக்‌ஷன்லயே பாரம்பரிய அறிவு கண்டுபிடிப்பு ஆகாதுன்னு இருக்கு, தெரிஞ்ச பொருளுங்களைச் சும்மா வேற மாதிரி அடுக்கி வெச்சாலும் ஆகாதுன்னு இருக்கு. சங்கைச் சிலிகான்ல ஊத்தி எடுத்தேன், கலர் போட்டேன்னு வந்தா நிக்காது. ஆனா சங்குல பால் ஒரே சீரா, இவ்வளவு சொட்டுக்கு மேல ஒரு மடக்குல வராத மாதிரி உள்ள ஏதோ ஒண்ணு பண்ணி, என்னை மாதிரி கை நடுங்குறவ கொடுத்தாலும் குழந்தைக்குப் புரை ஏறாதுன்னு ஒருத்தி செஞ்சு காட்டினா, அதை எடுத்த எடுப்புல "அட சங்கு தானே"ன்னு தள்ளுறவங்க கூட நான் சண்டை போடுவேன். நூறு தலைமுறையா கையில இருந்த பொருள்ல யாருக்கும் தோணாதது அவளுக்குத் தோணியிருக்குல்ல.

நம்ம ஊர்ல இதுல இன்னொரு விஷயமும் சேருது. 1992ல வந்த குழந்தை உணவுச் சட்டப்படி ஃபீடிங் பாட்டிலுக்கு விளம்பரமே பண்ணக் கூடாது, அந்தச் சட்டத்துல ஃபீடிங் பாட்டில்னா அதோட நிப்பிளும் வால்வும் கூட அடக்கம். தாய்ப்பாலைக் காப்பாத்தணும்னு போட்ட சட்டம், அது வேணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா லாடி கேட்ட அந்தக் கடைசிக் கேள்வி ஞாபகம் இருக்கா, வித்தது பொருளாலயா விளம்பரத்தாலயான்னு, இங்க அந்த வகைப் பொருள் ஒண்ணு வாய் வார்த்தையில மட்டுமே பரவி வித்துச்சுன்னா அது பொருளோட குணத்துக்கே சாட்சி தானே. இந்த வாதத்தை ஒரு நாள் யாராவது ஒரு கேஸ்ல வெக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

இப்போ ஏன் இதெல்லாம்னா, எங்க அபார்ட்மெண்ட்ல ரெண்டாவது மாடியில ஒரு அக்கா இருக்காங்க, இரட்டைக் குழந்தைங்க, ஒரே நேரத்துல ரெண்டுக்கும் ஊட்டணும். அவங்க ஸ்பூன்ல ஒரு சின்ன மாத்தம் பண்ணி வெச்சிருக்காங்க, என்னன்னு நான் இங்க சொல்லப் போறதில்ல. கையில எடுத்துப் பார்த்தப்போ எனக்குச் சிலிர்த்துருச்சு, அவ்வளவு சின்னது, அவ்வளவு சரியா இருக்கு. "அக்கா, யார்கிட்ட எல்லாம் காட்டினீங்க"ன்னு கேட்டேன், பதில் வர்ற வரைக்கும் வயித்துல புளியைக் கரைச்சுது. ஏன்னா இதுக்கு முன்னாடி ஒரு தெரிஞ்சவங்க இதே மாதிரி குழந்தைக்கு மருந்து கொடுக்க ஒண்ணு பண்ணிட்டு, சந்தோஷத்துல வீடியோ எடுத்து யூட்யூப்ல போட்டு, ஆறு மாசம் கழிச்சு எங்கிட்ட வந்தாங்க. அந்த வீடியோ தான் அவங்களுக்கு எதிரான ப்ரையர் ஆர்ட். அமெரிக்காவுல நாமளே வெளிய விட்டதுக்கு ஒரு வருஷம் டயம் உண்டு, இங்க பொதுவா அந்தச் சலுகை கிடையாது, ஊருக்குக் காட்டிட்டா புதுசுங்கறது அன்னைக்கே போச்சு. அவங்க முகம் வாடினது இன்னும் கண்ணுலயே நிக்குது. எளிமையான பொருளுக்கு இந்த ஆபத்து தான் பெருசு, ஒரு மருந்தையோ சிப்பையோ பார்த்த உடனே காப்பி அடிக்க முடியாது, ஒரு ஸ்பூனைப் பத்து செகண்ட் பார்த்தா போதும்.

அக்கா வீட்டுக்காரர்கிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் மட்டும் தான் காட்டிருக்காங்க. அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்ல போடலாம்னு போட்டோ எடுத்து வெச்சிருந்தாங்க, போடல. போட வேண்டாம்னு சொல்லிட்டேன். முதல்ல ப்ரொவிஷனலா, அதாவது தற்காலிகமா, ஒரு அப்ளிகேஷன் ஃபைல் பண்ணிரலாம், தனி ஆளுக்கு ஆன்லைன்ல 1,600 ரூபா தான் ஃபீஸு, அன்னைக்குத் தேதி நம்ம கையில வந்துரும், முழு ஸ்பெசிஃபிகேஷனுக்கு, அதாவது முழு விளக்கத்துக்கு, அதுல இருந்து 12 மாசம் இருக்கு, அதுக்குள்ள நான் தேடிப் பார்த்துடறேன், எங்கயாவது எவனாவது இதை ஏற்கனவே பண்ணியிருந்தா ஒளிக்காம சொல்லிடறேன்னேன். "இது ஒரு ஸ்பூன் தானேம்மா, ஆபீஸ்ல சிரிக்க மாட்டாங்களா"ன்னு கேட்டாங்க. ஹேபர்மன் கதையை அவங்களுக்கும் சொன்னேன், தபால்ல போன வெள்ளைப் பெட்டியைக் கேட்டப்போ தான் கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்தாங்க.

ஹேபர்மனோட பேடண்டுக்கு 20 வருஷம் எப்பவோ முடிஞ்சுருச்சு, இப்போ உலகத்துல யாரு வேணா அந்தக் கீறலைக் கீறலாம், என் சிங்க்ல கிடக்குற சிப்பருக்கு யாரும் யாருக்கும் ராயல்ட்டி கொடுக்கத் தேவையில்ல. அம்மா வால்வைத் துடைச்சு மூடியில திரும்பப் பொருத்தி, தண்ணி ஊத்தி, சிங்க் மேல தலைகீழாக் கவுத்துப் பிடிச்சுப் பார்த்தாங்க. ஒரு சொட்டு விழல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா படம் வரைஞ்சு எடுத்துட்டு வர்றாங்க, ஒவ்வொரு வளைவுக்கும் அளவு போட்டு, முன்பக்கம், பக்கவாட்டு, வெட்டுத்தோற்றம் மூணும் வேணும்னு சொல்லியிருக்கேன்.